தண்ணீர் நிற்காத பானைக்கு 2,400 பெசோ: மாத்தா ஓர்த்திஸ் போய்வந்தேன்

முதலில் விலையைச் சொல்லிவிடுகிறேன். மெக்சிகோவில் மாத்தா ஓர்த்திஸ் என்ற கிராமத்தில் ஒரு மண்பானை வாங்கி வந்தேன். வீட்டுக்கு வந்து அந்தப் பானையைப் பார்த்தவர்கள் எல்லாரும் முதலில் கேட்டது அதைத்தான். 2,400 பெசோ, நம் பணத்தில் பத்தாயிரம் ரூபாயைத் தாண்டும். உயரம் ஒரு சாண். தண்ணீர் ஊற்றி வைத்தால் கசியும். அடுப்பில் ஏற்றக் கூடாது. தின்பண்டம் போட்டு வைக்கவும் ஆகாது. "அப்புறம் எதுக்குண்ணே இது?" என்று கேட்டான் தம்பி. அன்றைக்கு வீடு நிறைய ஆட்கள், அவனுக்குச் சரியாகப் பதில் சொல்ல முடியவில்லை. இங்கே சொல்கிறேன்.

நான் விருத்தாசலத்தில் செராமிக் படித்தவன். மின்கம்பத்தில் மாட்டும் பீங்கான் இன்சுலேட்டர் செய்கிற ஆலையில், சூளைப் பிரிவில், 31 வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றேன். ஒரு மண்பாண்டத்தைக் கையில் எடுத்தால் பூவேலையைப் பார்ப்பதற்கு முன்னால் கவிழ்த்து அடிப்பக்கத்தைப் பார்ப்பேன். எங்கே தீ கூடியிருக்கிறது, எங்கே குறைந்திருக்கிறது, விரல் முட்டியால் தட்டினால் என்ன சத்தம் வருகிறது என்று மனசு போகும். அழகைப் பற்றி எழுத வேறு ஆட்கள் இருக்கிறார்கள். நான் எழுதுவது வேலையைப் பற்றி.

மகள் அமெரிக்காவில், எல் பாசோ நகரத்தில் மருத்துவமனை ஒன்றில் வேலை பார்க்கிறாள். பாலம் தாண்டினால் மெக்சிகோ. போன வருடம் நானும் மனைவியும் மூன்று மாதம் அங்கே இருந்தோம். அவள் மேசையில் பேனா போட்டு வைக்க ஒரு கறுப்பு மண்செப்பு இருந்தது. கூட வேலை செய்கிற ஒருவர் கொடுத்தாராம். கையில் எடுத்ததும் திகைத்துவிட்டேன். எடையே இல்லை. உள்ளே விரலை விட்டுத் தடவினால் சுவர் எல்லாப் பக்கமும் ஒரே கனம், ஆனால் சக்கரத்தில் திருகினால் வருகிற வரி இல்லை.

"இது எந்த ஊர்ம்மா?"

"மாத்தா ஓர்த்திஸ்ப்பா. எல்லைக்கு அந்தப் பக்கம். அங்க யாரும் சக்கரமே வச்சுக்கறதில்லையாம்."

போகாமல் ஊருக்குத் திரும்புவதில்லை என்று அப்போதே சொல்லிவிட்டேன்.

இந்தியக் கடவுச்சீட்டு வைத்திருப்பவர்களுக்கு ஒரு செய்தி. செல்லுபடியாகும் அமெரிக்க விசா இருந்தால் மெக்சிகோவுக்குத் தனி விசா தேவையில்லை. எல்லையில் நுழைவுப் பதிவு மட்டும் மறக்காமல் செய்துகொள்ள வேண்டும். திரும்பி அமெரிக்காவுக்குள் வர விசா பலமுறை நுழையக் கூடியதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். அமெரிக்கக் கார் காப்பீடு அந்தப் பக்கம் செல்லாது. மெக்சிகோ காப்பீடு தனியாக வாங்க வேண்டும். இதையெல்லாம் மாப்பிள்ளை முன்கூட்டியே முடித்து வைத்திருந்தார்.

டெமிங் வழியாகப் போகலாம் என்று பிடிவாதம் பிடித்தது நான். நியூ மெக்சிகோ மாநிலத்தில் இருக்கிற சிறிய ஊர் அது. 1976இல் ஸ்பென்சர் மெக்காலம் என்ற மானுடவியலாளர் அங்கே ஒரு பழைய சாமான் கடையில் மூன்று பானைகளைப் பார்த்தார். செய்தவர் பெயர் இல்லை, ஊர் இல்லை. அவற்றை வாங்கிக்கொண்டு, செய்தது யார் என்று கண்டுபிடிக்காமல் விடுவதில்லை என எல்லை தாண்டி விசாரித்துக்கொண்டே போனார். கடைசியில் மாத்தா ஓர்த்திஸில் ஒரு வீட்டு வாசலில் ஹுவான் கேசாதாவைச் சந்தித்தார். அந்தக் கிராமத்தை இன்று உலகம் அறிய அந்தச் சந்திப்புதான் காரணம். டெமிங்கில் நாங்கள் காபி குடித்த நேரம் பத்து நிமிடம் இருக்கும். பார்க்க ஒன்றும் இல்லை. ஆனாலும் அங்கே ஒருமுறை காலை ஊன்றிவிட்டுப் போனது எனக்கு நிறைவாக இருந்தது.

கேசாதாவைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் ஊர் புரியாது. 1940இல் பிறந்தவர். சிறுவனாக இருந்தபோது கழுதையை ஓட்டிக்கொண்டு மலைக்கு விறகு பொறுக்கப் போவார். அங்கே மண்ணில் வண்ணக்கோடு போட்ட பழைய ஓட்டுத் துண்டுகள் கிடைத்தன. அவை பாக்கிமே என்ற நகரத்து மக்கள் செய்தவை. அந்த நகரம் பாழாகி ஐந்நூறு வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது. எப்படிச் செய்தார்கள் என்று சொல்லித்தர ஊரில் ஒருவரும் இல்லை. ரயில்பாதையில் கூலி வேலை பார்த்துக்கொண்டே தானாக முயன்றார். எந்த மண், எந்தக் கல்லை அரைத்தால் எந்த நிறம், எதைக் கொண்டு பூசுவது என்று வருடக்கணக்கில் தேடினார். செய்ததெல்லாம் விரிசல் விட்டது. ஒருநாள் பழைய ஓட்டின் உடைந்த விளிம்பை உற்றுப் பார்த்தபோது உள்ளே மணல் கலந்திருப்பது தெரிந்தது. அதிலிருந்து வழி திறந்தது.

இதைப் படித்த இடத்தில் நான் புத்தகத்தை மூடி வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். களிமண்ணில் மணல் சேர்த்தால் காயும்போது சுருக்கம் குறையும், ஈரம் வெளியேற வழி கிடைக்கும், தீயில் வெடிக்காது. எங்களுக்கு இதை முதல் வருடத்திலேயே கரும்பலகையில் எழுதிப் போட்டுவிட்டார்கள். அவருக்கு ஒரு ஓட்டுத் துண்டுதான் வாத்தியார்.

1999இல் மெக்சிகோ அரசின் தேசிய அறிவியல், கலை விருது அவருக்குக் கிடைத்தது. 2022 டிசம்பரில் காலமானார். தனக்குத் தெரிந்ததைத் தம்பி தங்கைகளுக்கும் அண்டை வீட்டாருக்கும் ஒளிக்காமல் சொல்லிக்கொடுத்தார். ரயில்வேயின் பழுதுபார்க்கும் பணிமனை இடம்மாறிப் போனபின் பிழைப்பு இல்லாமல் நின்ற ஊர் அது. இன்று சில நூறு பேர் அங்கே பானை செய்கிறார்கள்.

சரி, பயணத்துக்கு வருகிறேன். பலோமாஸ் வழியாக எல்லையைக் கடந்து, ஹானோஸ் தாண்டி, நுவேவோ காசாஸ் கிராந்தெஸ் என்ற ஊரில் தங்கினோம். அக்டோபர் கடைசி. பகலில் இதமான வெயில், காலையில் நல்ல குளிர். மறுநாள் முதலில் பார்த்தது பாக்கிமே. போகிறவர்கள் இந்த வரிசையை மாற்ற வேண்டாம்: முதலில் பாக்கிமே, பிறகு கிராமம். 1998இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்த இடம். கூரை போன மண்சுவர்கள், மேலே அகன்று கீழே குறுகிய வாசல்கள், ஐந்து வண்ணக் கிளிகளை வளர்த்த மண் கூண்டுகள். ஒட்டியே அருங்காட்சியகம் இருக்கிறது. அங்கே கண்ணாடிக்குப் பின்னால் இருக்கிற பானைகளை நன்றாகப் பார்த்து வைத்துக்கொண்டால், கிராமத்தில் ஒரு கோட்டைப் பார்த்ததும் இது பழையதிலிருந்து வந்தது, இது செய்தவர் தானாகப் போட்டது என்று பிரித்துச் சொல்லலாம். என் மனைவிக்கு அது என்னைவிட நன்றாக வந்தது.

அன்று மதியம் கிராமத்துக்குப் போனதில் ஒரு தவறு செய்தோம். நகரத்தில் ஒரு வழிகாட்டியை அமர்த்தினோம். நல்ல பேச்சுக்காரர். ஆனால் அவர் அழைத்துப் போனது மூன்றே வீடுகள், மூன்றும் அவருக்குத் தெரிந்தவர்கள் வீடு. செய்வதைப் பார்க்க வேண்டும் என்று கேட்டால், "இன்றைக்கு யாரும் செய்யவில்லை" என்றார். பக்கத்து வீட்டு முற்றத்தில் ஒருவர் உட்கார்ந்து பானை தேய்த்துக்கொண்டிருந்தது என் கண்ணுக்குத் தெரிந்தது. விலையும் கொஞ்சம் ஏற்றித்தான் சொல்லப்பட்டது என்று மறுநாள் புரிந்தது. அவருக்குக் கொடுத்த பணத்தைப் பற்றி வருத்தமில்லை, அரைநாள் போனதுதான் வருத்தம். உங்களில் ஒருவருக்கு ஸ்பானிஷ் கொஞ்சம் தெரிந்தால் வழிகாட்டி தேவையே இல்லை. மகளுக்கு மருத்துவமனைப் பழக்கத்தில் ஸ்பானிஷ் நன்றாக வரும்.

மறுநாள் காலை நாங்களே போனோம். கொலோனியா ஹுவாரெஸ் என்ற ஊர் வழியாகப் பாதை. மார்மன் சமயத்தவர் குடியேறிய ஊர், இருபக்கமும் பழத்தோட்டங்கள். அதைத் தாண்டினால் வறண்ட புல்வெளி. அப்புறம் பலங்கானாஸ் ஆறு, கரையில் மஞ்சள் பிடித்த அலாமோ மரங்கள், பழைய ரயில் நிலையம், அதன் பின்னால் சுடாத மண்கல்லில் கட்டிய தணிந்த வீடுகள். இதுதான் ஊர். கடைத்தெரு என்று தனியாக ஒன்று கிடையாது. வீடுதான் பட்டறை, வீடுதான் கடை. சுவரில் கையால் "ஓயாஸ்" என்று எழுதியிருக்கும். ஓயா என்றால் பானை. கதவைத் தட்டலாம். காரை நிறுத்தியதும் இரண்டு மூன்று பேர் கையில் பானையோடு வருவார்கள். யாரும் நச்சரிப்பதில்லை. "இல்லை, நன்றி" என்றால் சிரித்துவிட்டுப் போய்விடுகிறார்கள்.

ஆறேழு வீடு ஏறி இறங்கினோம். எல்லாம் உயர்ந்த வேலை என்று சொல்ல மாட்டேன். சுற்றுலாக்காரர்களுக்காக அவசரமாகச் செய்தவையும் நிறைய. கழுத்தில் கனம், அடியில் இன்னும் கனம், கோடு சேருமிடத்தில் தடுமாற்றம். ஆனால் அவற்றுக்கு விலையும் குறைவு, நூறு இருநூறு பெசோ. குழந்தைகள் செய்து கொண்டுவருகிற சின்னச் சின்ன ஆமைகள், ஆந்தைகளை என் மனைவி இரண்டு வாங்கினாள்.

எட்டாவது வீட்டில்தான் நான் தேடி வந்தது இருந்தது. ஐம்பது வயது இருக்கலாம் அந்த அம்மாளுக்கு. அடுக்களை மேசையிலேயே வேலை. ஒரு பக்கம் அடுப்பில் பீன்ஸ் கொதிக்கிறது, மறுபக்கம் ஈரத்துணி போட்டு மூடிய மண். நான் யார் என்று மகள் சொன்னதும், வாங்க வந்தேனா இல்லையா என்று கூடக் கேட்காமல் மண்ணிலிருந்து ஒரு உருண்டை கிள்ளி என் உள்ளங்கையில் வைத்தார். வெள்ளை மண். பல் நடுவில் வைத்துக் கடித்துப் பார்த்தேன், நறநறப்பு கொஞ்சமும் இல்லை. கரைத்துத் துணியில் வடிகட்டி, தெளியவிட்டு, மேல்நீரை இறுத்து, காயவிட்டுப் பதம் எடுத்த மண். நான் கடித்ததைப் பார்த்து அவர் சிரித்தார். அவரும் அப்படித்தான் பார்ப்பாராம்.

செய்முறையை நான் பார்த்தபடி சொல்கிறேன். பிளாஸ்டர் ஆஃப் பாரிஸில் வார்த்த ஒரு கிண்ண அச்சு. மண்ணைச் சப்பாத்தி மாதிரி தட்டையாக்கி அதற்குள் அமுக்குகிறார். இதற்கு அவர்கள் வைத்திருக்கும் பெயரே தோர்த்தியா, அவர்கள் ஊர்ச் சப்பாத்தி. அதன் விளிம்பில் ஒரே ஒரு தடித்த திரி, வளையமாக. அதற்குப் பெயர் சோரிசோ, அங்கே கறி அடைத்துச் செய்கிற குழல் பண்டம். திரி மேல் திரியாக அடுக்கிக் கட்டுவதை நம்மூரிலும் பார்த்திருக்கிறேன். இங்கே ஒற்றைத் திரிதான். அதைக் கட்டை விரலுக்கும் சுட்டு விரலுக்கும் நடுவில் கிள்ளிக் கிள்ளி, அச்சைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பி, மேலே ஏற்றுகிறார். மண் வளர்கிறது என்றுதான் சொல்ல வேண்டும். முக்கால் மணி நேரத்தில் வயிறு வந்துவிட்டது. அப்புறம் ஆக்சா பிளேடின் பல் பக்கத்தால் வெளியே சீவல். சீவச் சீவ, சுவர் மெலிகிறது. கை மட்டும்தான் அளவுகோல். எங்கள் ஆலையில் கனம் அளக்க மூன்று விதக் கருவி இருந்தது. அவர் சீவி முடித்த ஒன்றை எடுத்து நான் விரலால் தொட்டுப் பார்த்தேன். வாய் முதல் அடி வரை மூன்று, நான்கு மில்லிமீட்டர். ஒரு இடத்திலும் மாறவில்லை.

காய்ந்தபின் உப்புத்தாள் போட்டுத் தேய்க்கிறார்கள். எண்ணெயும் தண்ணீரும் தொட்டுக் கூழாங்கல்லால் மெருகேற்றுகிறார்கள். அந்தக் கல் அவருடைய அம்மா வைத்திருந்ததாம். ஒரு பக்கம் கண்ணாடி போல் தேய்ந்து, அவர் கட்டை விரலுக்கு ஒரு பள்ளம் விழுந்திருந்தது.

இனி தூரிகை. இதைப் பார்க்கவே அந்த ஊருக்குப் போகலாம். சின்னக் குச்சியின் நுனியில் மனிதத் தலைமுடி, ஏழெட்டு இழைதான் இருக்கும், விரல் நீளம். குழந்தைகளின் முடிதான் இதற்கு நல்லது, மென்மையாக இருக்கும் என்கிறார்கள். இந்தத் தூரிகையில் இருந்தது பேத்தியின் முடி. அந்தப் பெண் குழந்தையே வந்து எந்த இடத்தில் வெட்டினார்கள் என்று பின்னலைத் தூக்கிக் காட்டியது. கறுப்புக்கு மாங்கனீசு, சிவப்புக்கு இரும்பு சேர்ந்த மண், இரண்டையும் கல்லில் அரைத்து வைத்திருக்கிறார். நாம் எழுதுகிற மாதிரி நுனியால் எழுதுவதில்லை. முடியின் முழு நீளத்தையும் பானைமேல் படுக்க வைத்து, மூச்சை அடக்கி, தன் பக்கமாக இழுக்கிறார். பென்சில் கோடு இல்லை, அளவு இல்லை. வாயிலிருந்து புறப்பட்ட கோடு வயிற்றைச் சுற்றிப் போய், புறப்பட்ட இடத்துக்கு எதிர்ப்புறம் இறங்குகிறது. கோட்டின் அகலம் தொடக்கத்தில் எவ்வளவோ கடைசியிலும் அவ்வளவு. அவர் ஒரு கோடு முடிக்கும்வரை எங்கள் ஐந்து பேரில் ஒருவரும் அசையவில்லை. கோடு முடிந்ததும் பேத்திதான் முதலில் மூச்சு விட்டாள்.

"இன்றைக்கு ஒன்று சுடப் போகிறேன், இருக்கிறீர்களா?" என்று அவராகவே கேட்டார். இருப்பேனா என்று என்னிடம் கேட்க வேண்டுமா!

காலையிலிருந்து வீட்டு ஓவன் அடுப்பில் மெல்லச் சூடாக்கி ஈரம் போக்கிய பானை அது. பின்கட்டில் வெறும் தரை. இரும்பு முக்காலி மேல் பானையை வைத்து, அதன்மேல் ஒரு பெரிய மண்தொட்டியைக் கவிழ்த்து, தரைக்கும் தொட்டி விளிம்புக்கும் நடுவே காற்றுப் போக இடைவெளி விட்டு, சுற்றிலும் அலாமோ மரப்பட்டைகளைச் சாய்த்து அடுக்கினார். சிலர் வறட்டி வைப்பார்களாம். பற்ற வைத்தார். ஒரு சுடுதலுக்கு ஒரே பானை. சூளை என்று கட்டி வைத்த எதுவும் இல்லை, வெப்பமானி இல்லை. தொட்டியின் விளிம்பில் தெரிந்த நிறத்தை வைத்து எழுநூறு டிகிரி பக்கம் இருக்கும் என்று மனசுக்குள் கணக்குப் போட்டேன். நாங்கள் இன்சுலேட்டரை 1,200 டிகிரிக்கு மேல் கொண்டுபோவோம், அங்கே மண் இறுகிக் கண்ணாடித்தன்மை அடையும், நீர் புகாது. எழுநூறில் மண் கல்லாகும், ஆனால் நுண்துளை அப்படியே இருக்கும். அந்தப் பானையில் தண்ணீர் நிற்காததன் காரணம் இதுதான், தம்பி. ஆனால் அந்த வெப்பத்தில்தான் அந்த மெருகு போகாமல் இருக்கும், நிறமும் அப்படியே நிற்கும்.

பதினைந்து நிமிடம் போயிருக்கும். ஆற்றுப் பக்கமிருந்து ஒரு காற்று வந்தது. தீ முழுக்க ஒரு பக்கமாகச் சாய்ந்தது. நான் எழுந்து நின்றுவிட்டேன். மாப்பிள்ளை, "என்ன மாமா?" என்றார். நான் பதில் சொல்வதற்குள் தொட்டிக்குள்ளிருந்து 'டப்' என்று ஒரு சத்தம், சுள்ளி ஒடிகிற மாதிரி. பெரிய சத்தம் இல்லை. பட்டை எரிகிற சத்தத்தில் மகளுக்குக் கேட்கவே இல்லை. அந்த அம்மாளுக்குக் கேட்டது, எனக்குக் கேட்டது. இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். அவர் ஒன்றும் சொல்லாமல் மீதிப் பட்டையையும் எடுத்துப் போட்டு, சுடுதலை முழுதாக முடித்தார்.

ஆறியபின் கொக்கியால் தொட்டியைத் தூக்கினார். பானை வெளுத்து, கோடுகள் கறுத்து, அவ்வளவு லட்சணமாக இருந்தது. வாயிலிருந்து இரண்டு விரல் நீளத்துக்கு ஒரு விரிசல். மகள் தயங்கி, "எத்தனை நாள் வேலை?" என்று கேட்டாள். பன்னிரண்டு நாள் என்றார். ஒட்டிப் பூசி விற்கிறவர்கள் இருக்கிறார்கள், தான் செய்வதில்லை என்றும் சொன்னார். பேத்தி பாட்டியின் ஏப்ரன் நாடாவைப் பிடித்துக்கொண்டு நின்றது.

ஆலையில் எனக்கு மாதாமாதம் ரிஜெக்ட் கணக்கு எழுத வேண்டிய வேலை இருந்தது. ஒரு சூளையில் ஆயிரக்கணக்கில் ஏற்றுவோம். நூற்றுக்கு ஐந்து, ஆறு போகும். போனவற்றின் செலவை நல்லவற்றின் விலையில் பரப்பிவிடுவோம், வாங்குகிறவருக்குத் தெரியவும் தெரியாது, ஒருவருக்கும் வலிக்காது. இங்கே ஒரு தீயில் ஒரு பானை. போனால் பன்னிரண்டு நாளும் மொத்தமாகப் போகிறது. அந்தக் கணக்கை எழுதுகிற நோட்டு அந்த அம்மாளின் அடுக்களைதான்.

உள்ளே அலமாரியில் அதே வேலைப்பாட்டில், முந்தைய வாரம் சுட்டது ஒன்று இருந்தது. கவிழ்த்தேன், அடியில் அவர் கையெழுத்து. தட்டினேன், வெண்கலம் போல் இல்லை, ஆனால் சுத்தமான, உடையாத ஓசை. 2,400 பெசோ என்றார். மாப்பிள்ளை பழக்கதோஷத்தில் "கொஞ்சம் பார்த்து…" என்று ஆரம்பித்தார். நான் அவர் கையைப் பிடித்து அழுத்தினேன். அவர் நிறுத்திவிட்டார். பணத்தை எண்ணி இரண்டு கையாலும் கொடுத்தேன்.

கறுப்புப் பானை பிடித்தவர்களுக்காக ஒன்று. அது சாயம் இல்லை. மூடுகிற தொட்டியின் விளிம்பை மண் போட்டு அடைத்து, உள்ளே பொடித்த சாணத்தைப் போட்டு, காற்றுப் புகாமல் புகையோடு வேகவிடுவார்கள். மண்ணிலிருக்கிற இரும்பு பிராணவாயுவை இழந்து கறுக்கும், கரியும் துளைகளில் இறங்கும். மெருகிட்ட இடம் கண்ணாடியாகவும், மண்குழம்பால் வரைந்த இடம் மங்கலாகவும் நிற்கும். மகளின் மேசையில் இருந்த செப்பு இப்படி வந்ததுதான். ஈர விரலால் தேய்த்தால் நிறம் ஒட்டினால் அது சுட்டபின் பூசியது என்று அர்த்தம். வாங்கும்முன் அனுமதி கேட்டுத் தேய்த்துப் பாருங்கள், நல்ல கைக்காரர்கள் கோபிப்பதில்லை.

போகிறவர்களுக்கு இன்னும் சில. ரொக்கமாகப் பெசோ எடுத்துப் போங்கள், டாலரும் பல வீடுகளில் வாங்குகிறார்கள். நாங்கள் போன வீடு எதிலும் அட்டை தேய்க்கிற வசதி இல்லை. காலை பத்து மணிக்குள் ஊருக்குள் இருந்தால் சுடுவதைப் பார்க்க வாய்ப்பு அதிகம், காற்று எழும்முன் சுட்டுவிடப் பார்ப்பார்கள். மதியம் பல கதவுகள் சாத்தியிருக்கும். முட்டி வலி உள்ளவர்கள் நல்ல செருப்பாகப் போட்டுக்கொள்ளுங்கள், தெருவெல்லாம் மண்ணும் கல்லும். பானைக்குள் துணியைத் திணிக்காதீர்கள், அழுத்தத்தில் வாய் உடையும். வெளியே இரண்டு துண்டு சுற்றி, பெட்டிக்குள் நான்கு பக்கமும் இடம் விட்டு, கைப்பையாகவே கொண்டு வாருங்கள். நான் எல் பாசோவிலிருந்து சென்னை வரை மடியை விட்டு இறக்கவில்லை.

சாப்பாட்டில் சைவக்காரர்கள் ஒரு சொல்லைத் தெரிந்து வைத்துக்கொள்ள வேண்டும்: மாந்தேக்கா. பன்றிக் கொழுப்பு. பீன்ஸ் தாளிப்பதற்கும் கோதுமைத் தோர்த்தியா பிசைவதற்கும் அதைப் போடுவது வழக்கம். கேட்டால் மறைக்காமல் சொல்லிவிடுவார்கள். என் மனைவி இரண்டு நாளும் பாலாடைக்கட்டி, பழம், ஊரிலிருந்து கொண்டுபோன பருப்புப்பொடி என்று ஓட்டினாள். தங்கிய விடுதி சுமார், அதைப் பற்றி எழுத எதுவும் இல்லை.

முக்கியமான ஒன்று. வழியில் யாராவது பழைய பாக்கிமே ஓடு என்று காட்டினால் வாங்காதீர்கள். தொல்பொருள் அங்கே நாட்டுச் சொத்து, எல்லை தாண்டி எடுத்துப் போவது குற்றம். வாங்க ஆள் இருந்தால்தான் தோண்டுவார்கள்.

கிளம்பும்போது நான் தயங்கித் தயங்கி மகளிடம் சொன்னேன், அந்த உடைந்ததன் விளிம்பை ஒருமுறை பார்க்கலாமா என்று கேள் என்று. மகளுக்கு அது சரியாகப் படவில்லை. "அவங்க மனசு கஷ்டப்படும்ப்பா" என்றாள். ஆனாலும் கேட்டாள். அந்த அம்மாள் என்னை ஒரு நிமிடம் பார்த்தார். பிறகு பின்கட்டுக்குப் போய், விரிசல் ஓடிய இடத்தில் அழுத்தி, உள்ளங்கை அகலத்துக்கு ஒரு துண்டை உடைத்து, துணியால் துடைத்து என்னிடம் நீட்டினார். அதற்குக் காசு வாங்க மாட்டேன் என்றார்.

எல்லையில் அமெரிக்க அதிகாரி பானையைப் பார்த்துத் தலையாட்டிவிட்டு, சட்டைப்பையிலிருந்த துண்டை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பழையதா என்றார். நேற்று காலை பதினொரு மணிக்கு உடைந்தது என்று மகள் சொன்னாள். திருப்பிக் கொடுத்துவிட்டார்.

பானை கூடத்தில் கண்ணாடி அலமாரியில் இருக்கிறது. துண்டு என் மேசை மேல் இருக்கிறது. தம்பி போன வாரம் மறுபடி வந்தபோது உருப்பெருக்கியைக் கொடுத்து அதன் விளிம்பைப் பார்க்கச் சொன்னேன். இரண்டு ஓரமும் வெளுத்து வெந்திருக்கிறது. நடுவில் மட்டும் நூலிழை அகலத்துக்கு ஒரு சாம்பல் கோடு, தீ போய்ச் சேராத இடம். காற்று அடித்த பக்கத்தில் அந்தக் கோடு இல்லை. ஜன்னல் பக்கம் நகர்ந்து வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தான். "எந்தப் பக்கம்ணே காத்து அடிச்சது?" என்றான். காட்டினேன்.